இசக்கியண்ணன் எழுதிக் கொடுத்த ‘வெடிப்பு’

செவ்வாய்க்கிழமை காலை என் கணவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜோய் சேட்டன். மட்டாஞ்சேரியில் நானும் இசக்கியண்ணனும் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி. “கோமதீ, நம்மட இசக்கி போயி” என்றார். நான், “ஊருக்கா?” என்று கேட்டேன். “ஊருக்கில்ல மோளே. நெஞ்சுவேதனை. ரெண்டு மணிக்கு எடுக்கும். நீ வரணும்” என்றார்.

வரணும் என்று அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான்கு வருஷமாக நான் இசக்கியண்ணனோடு பேசவில்லை. பேசாமல் மட்டும் இருந்திருந்தால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். அவரைப் பற்றி ஊர் முழுக்கப் பேசினேன். விற்கிறவனிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு ஓட்டை லேப்டாப்பை நம் தலையில் கட்டுகிற கள்ளன் என்று பேசினேன். அது பொய். என் வாயில் பிறந்த பொய். நம் தமிழ்ச் சங்க மலரில் நினைவஞ்சலிக்கு இரண்டு பக்கம் தருகிறோம் என்று செயலாளர் சொன்னதும் நானே முந்திக்கொண்டு கேட்டு வாங்கினேன். புகழ்ந்து எழுத அல்ல. அவருடைய பெயரை நான்தான் கெடுத்தேன், அதை நான்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு வழி எல்லாம் பார்த்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். முழுப் பெயர் இசக்கிமுத்து. கோவில்பட்டிப் பக்கம். தொண்ணூறுகளின் நடுவில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் தெரிந்த ஆளாகக் கொச்சிக்கு வந்து, கம்ப்யூட்டரைத் தானே கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டு, ஜோய் சேட்டனிடம் சேர்ந்தார். கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்குடும்பத்துப் பெண்ணான நான் அங்கே கல்யாணப் பத்திரிகை, பாங்கு விண்ணப்பம், கோயில் நோட்டீஸ் என்று டைப் செய்துகொண்டிருந்தேன். என் முதுகும் அவர் முதுகும் ஒட்டுகிற மாதிரி இடம். என் நாற்காலி ஆடினால் அவருடைய சால்டரிங் கம்பி நழுவும். “கோமதி, கொஞ்சம் பூகம்பத்த நிறுத்துங்க” என்பார். நான் வேண்டுமென்றே இன்னொரு தடவை ஆட்டுவேன்.

அவர் வந்த முதல் வாரம் நடந்ததை ஜோய் சேட்டன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஒரு கம்ப்யூட்டர் மேசையின் கதவு தொங்கிவிட்டது. அண்ணன் பஜாருக்குப் போய், “கீல் ரெண்டு குடுங்க” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் படகுக்குப் பூசுகிற தாரை இரண்டு டப்பா கட்டிக் கொடுத்துவிட்டார். இங்கே கீல் என்றால் தார். கதவு தொங்குகிற இரும்புக்கு நாங்கள் விஜாகிரி என்போம். கையில் தார் டப்பாவோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து நான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். “ஏ, உங்க ஊர்ல ஒவ்வொரு சொல்லையும் மோந்து பாத்துத்தான் வாங்கணும் போல” என்றார். கீல் என்றால் அவர் பாஷையில் விஜாகிரி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட நான் அதோடு நின்றுவிட்டேன். அவருடைய மற்ற சொற்களையும் மோந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து ஓரிரண்டு வருஷத்தில் கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து விற்க ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்களுக்குத் தலையும் தெரியாது, காலும் தெரியாது. இசக்கியண்ணனைக் கூப்பிடுவார்கள். அவர் பார்க்கிற அழகே தனி. முதலில் சுவிட்சைத் தொடவே மாட்டார். தலைகீழாகத் திருப்பி ஸ்க்ரூக்களைப் பார்ப்பார். ஸ்க்ரூவின் வாய் தேய்ந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். துரு ஏறியிருந்தால் கடல் காற்றில் கிடந்திருக்கிறது. அடியில் ஒட்டியிருக்கிற நம்பரும், உயிர் வந்ததும் திரையில் வருகிற நம்பரும் ஒன்றா என்று பார்ப்பார். பிறகு மூக்கை ஓரத்தில் வைத்து மோந்து பார்ப்பார். கருகின வாசனையோ சாயா வாசனையோ வந்தால் அதோடு சரி. சாயா கொட்டின கீபோர்டு எத்தனை துடைத்தாலும் காட்டிக் கொடுத்துவிடும் என்பார்.

அதற்கப்புறம்தான் மூடி. இரண்டு கையாலும் நடுவில் பிடித்து, பச்சைப் பிள்ளையின் தலையைத் தூக்குகிற மாதிரித் தூக்குவார். காதைக் கீல் பக்கம் வைத்துக்கொள்வார். “மூடி சத்தம் போட்டா வச்சிருந்தவன் ஒத்தக் கையால இழுத்தவன்னு அர்த்தம். அவன் மத்தது எதையும் ஒழுங்கா வச்சிருக்க மாட்டான்.” திரை முழுக்க வெள்ளையாக்கிப் புள்ளி தேடுவார், பிறகு கறுப்பாக்கித் தேடுவார். கீபோர்டில் ஒரு எழுத்து விடாமல் அடிப்பார். ஹார்ட் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு சினிமாவை ஓடவிட்டு, “விக்குதவரு சொல்லுத கணக்கு வேண்டாம், பாட்டரி சொல்லட்டும்” என்று சாவகாசமாக உட்கார்ந்துவிடுவார். விற்கிறவர் நெளிவார். அண்ணனுக்கு அவசரமே கிடையாது.

ஆனால் பார்த்து முடித்ததும் வாயைத் திறக்க மாட்டார். விற்கிறவர் எதிரில் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். “அவனும் ஏதோ கஷ்டத்துலதானே விக்கான். அவன் முகத்துக்கு நேரா அவன் சாமானைக் கழிச்சுப் பேசுனா நமக்கு என்ன கிடைக்கும்?” என்பார். வாங்குகிறவர் ஆணாக இருந்தால் சாயாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்வார். பெண்ணைச் சாயாக் கடைக்குக் கூட்டிப் போக முடியுமா? அதனால் பெண்களுக்குச் சீட்டு. மட்டாஞ்சேரியிலும் சுள்ளிக்கல்லிலும் அவரைக் கூப்பிட்ட பெண்கள் பெரும்பாலும் நம் தமிழ்க்குடும்பத்துப் பெண்கள். கிழித்த காகிதத்தில் தமிழில் எழுதி மடித்துக் கொடுப்பார். விற்கிற மலையாளி எட்டிப் பார்த்தாலும் புரியாது. அடியில் எல்லாச் சீட்டிலும் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். எப்போதும் இருக்கிற வரி என்பதால் அதை யாரும் படிப்பதில்லை.

இனி என் கதை. என் கணவர் சுப்பையா பெயிண்டர். தோப்பும்படியில் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. புரட்டிவிட, துடைக்க, ஊட்ட ஆள் வேண்டும். நான் சென்டர் வேலையை விட்டேன். விட்டால் சோறு? எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் செய்கிற வேலையை வீட்டிலிருந்தே தருவதாகச் சொன்னது. இரண்டு நிபந்தனை. சொந்த மெஷின் வேண்டும். கரண்ட் போனாலும் நிற்காத மெஷினாக இருக்க வேண்டும். நம் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? லேப்டாப் இல்லாமல் அந்த வேலை இல்லை. அந்த வேலை இல்லாவிட்டால் அந்த மனுஷனைத் தனியே போட்டுவிட்டு நான் எங்காவது கூலிக்குப் போக வேண்டும். கல்யாணத்தில் போட்ட வளையல் இரண்டையும் கழற்றினேன்.

போர்ட் கொச்சியில் ஒருவர் திரும்பவும் கல்ஃபுக்குப் போவதற்கு முன்னால் தன் லேப்டாப்பை விற்க நின்றார். நான் இசக்கியண்ணனைக் கெஞ்சினேன். “அண்ணா, ஒண்ணு வந்து நோக்கித் தாங்க. இது தெற்றிப்போனா, தப்பாப்போனா நான் செத்தேன்.” அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு ஊருக்கு ரயில். குலசாமிக் கொடை, ஒரு வாரம் வரமாட்டார். அப்படியும் வந்தார். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். மூடியைத் திறக்கும்போது காதை வைத்தவர் ரொம்ப நேரம் அதை எடுக்கவே இல்லை. பிறகு சீட்டை எழுதி என் கையில் வைத்து, “நிதானமாப் படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க கோமதி” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

நான் வாசலுக்கு வெளியே வந்து படித்தேன். திரை, புள்ளி இல்லை. கீபோர்டு, எல்லா எழுத்தும் விழுகிறது. பாட்டரி, ஒன்றே கால் மணி. டிஸ்க், சத்தம் இல்லை. கீல், வெடிப்பு. சார்ஜர், ஒரிஜினல்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். நான் வைக்கவில்லை. நான் கும்பிட்டேன். எங்களுக்கு வெடிப்பு என்றால் சுத்தம். நறுவிசு. மலையாளத்தில் விருத்தியும் வெடிப்பும் என்று சேர்த்தே சொல்வார்கள். என் அப்பா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டினவர். எங்கள் வீட்டில் அதைவிட உயர்ந்த சொல் கிடையாது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு ‘வெடிப்பாயிட்டுண்டு’ என்று சொன்னால் அப்பா அன்றைக்குப் பழம்பொரி வாங்கிக்கொண்டு வருவார். அம்மா என்னை எழுப்புவதே, “எந்திச்சு முற்றத்த வெடிப்பாக்குடீ” என்றுதான். வெடிகுண்டு தெரியும், பட்டாசு வெடிப்பது தெரியும். விஜாகிரியில் குண்டா வெடிக்கும்? ஆறு வரியில் ஐந்து வரி நல்லபடியாக இருக்கிறது, ஆறாவதும் நல்லதுதான். உள்ளே போய் வளையல் பணத்தைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

கொடை முடிந்து வந்த இசக்கியண்ணனிடம், கோமதி அதை வாங்கிவிட்டாள் என்று ஜோய் சேட்டன் சொல்லியிருக்கிறார். “வாங்கிட்டாங்களா? அதையா வாங்கிட்டாங்க?” என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டாராம்.

ஏழு வாரம் ஓடியது. அந்த ஏழு வாரம் நான் ராணி. கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு டைப் செய்வேன். வேலை முடிந்ததும் மூடுவேன், அவர் கூப்பிட்டால் மூடுவேன், திரும்பத் திறப்பேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. எட்டாவது வாரம் ஒரு காலையில் திறந்தபோது ‘டக்’ என்றது. திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின. அப்புறம் கறுப்பு. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய வேலை முழுவதும் உள்ளே. பஜாரில் வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, “விஜாகிரி பொட்டியிருந்நது சேச்சீ. பழைய பொட்டல். அது வயரை அறுத்து” என்றான். பழைய உடைசல். அப்படியென்றால் இசக்கியண்ணன் பார்க்கும்போதே இருந்திருக்கிறது.

நேரே சென்டருக்குப் போனேன். என் வாய் எப்படிப்பட்டது என்று மட்டாஞ்சேரிக்குத் தெரியும். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இது நீங்க எழுதினதுதானே? கீல் வெடிப்புன்னு நீங்கதானே எழுதித் தந்தீங்க?”

“ஆமா, நாந்தான் எழுதினேன்.”

“வெடிப்புன்னு?”

“வெடிப்புன்னுதான் எழுதினேன். இப்பவும் சொல்லுதேன், அது வெடிப்புதான்.”

“எல்லாரும் கேட்டுக்கோங்க! விஜாகிரி பொட்டிக் கிடக்கு, இவரு இப்பவும் வெடிப்புங்கறாரு!”

ஜோய் சேட்டன் எழுந்து வந்தார். “இசக்கீ, நீ வெடிப்புன்னு எழுதிக் கொடுத்தோ?” “ஆமா சேட்டா, மறைக்காம எழுதிக் குடுத்தேன்.” சேட்டனின் முகம் மாறியது. அவர் காதில் விழுந்தது மலையாள வெடிப்பு. அண்ணன் சொன்னது தமிழ் வெடிப்பு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பேர் நின்றோம். ஒருவராவது, எந்த வெடிப்பு என்று கேட்டோமா?

“படிச்சுட்டுத்தானே வாங்குனீங்க?” என்றார் அண்ணன். “படிச்சேன். அதை நம்பித்தான் வாங்கினேன்” என்றேன். “நம்பி வாங்குனீங்களா?” என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். குற்றவாளியின் பார்வை என்று அன்றைக்கு நினைத்தேன். உடைசல் என்று படித்து, அதை நம்பி, உடைசலையே வாங்கிக்கொண்டு போன பைத்தியத்தை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? அப்புறமும் அவர் பொறுமையாகச் சொன்னார்: “மெஷினைத் தாங்க. வெளி மானிட்டர்ல மாட்டி ஃபைலை எடுத்துருவோம். அஞ்சு மணிக்குள்ள அனுப்பிரலாம்.” நான் கொடுத்தேனா? “எத்தர கமிஷன் வாங்கினீங்க? ஒரு முடமான மனுஷனோட சோத்துல கை வெக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இனி நீங்க தொட்டா அது வெளங்காது!” என்று கத்திவிட்டு வந்தேன். கமிஷன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்த கல், எடுத்து எறிந்தேன்.

வேலை போயிற்று. ஐந்து மணிக்குள் வராத டைப்பிஸ்ட் அவர்களுக்கு எதற்கு? இடக்கொச்சியில் செம்மீன் என்கிற இறாலை உரிக்கிற கம்பெனிக்குப் போனேன். கணவரின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரை வைத்துவிட்டு, கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவேன். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகிற ஒவ்வொரு நாளும் இசக்கியண்ணனைத் திட்டினேன். கூட உரிக்கிறவர்களிடம் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன். சீட்டைத் தூக்கி எறியாமல் சாட்சிக்கு வைத்திருந்தேன். எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டவர்கள் எல்லாரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கும் வெடிப்பு என்றால் சுத்தம்தான். “அடப்பாவி!” என்றார்கள். என் கணவர் மட்டும், “அவரு அப்படிச் செய்யற ஆளில்ல கோமதி. ஒருக்கா ஒழுங்கா உக்காந்து கேளு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படுத்துக் கிடக்கிறவருக்கு ஊர் விஷயம் என்ன தெரியும் என்று அவர் வாயையும் அடைத்தேன்.

மெல்ல மெல்ல இசக்கியண்ணனை யாரும் மெஷின் பார்க்கக் கூப்பிடாமல் ஆனார்கள். ஜோய் சேட்டனும் அந்த வருஷக் கடைசியில், இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தோப்பும்படியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அண்ணன் நின்றார். அத்தனை சூட்சுமம் தெரிந்த கை, பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் ஏறினேன், உட்கார இடமில்லை. முன்னால் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பார்த்தால் அவர். “உக்காருங்க கோமதி. அண்ணாச்சி எப்படி இருக்காக?” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், உட்காரவில்லை. அவரும் திரும்ப உட்காரவில்லை. சுள்ளிக்கல் வரும்வரை அந்த சீட் காலியாகவே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு நான் மனமில்லாமல்தான் போனேன். செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கக்கூடாது என்று கணவர் விரட்டியதால் போனேன். ஒற்றை அறை, வாடகை வீடு. அண்ணனை நடுவில் கிடத்தியிருந்தார்கள். மூன்று வருஷம் முன்புதான் ஊரிலிருந்து வந்த அவர் மனைவி பேச்சியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னால் போய்ச் சுவர் ஓரம் சாய்ந்து உட்காரப் போனேன்.

“அதுல சாயாதீங்க தாயி. சுவரு வெடிப்பா இருக்கு” என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குக் கட்டுகிற சேலையோடு வந்திருக்கிறேன், அதில் செம்மீன் வாடை. சுத்தமான சுவரில் சாய்ந்து அழுக்காக்காதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பிணத்தை வைத்துக்கொண்டு, நான், இந்தப் பாவி, “பரவால்ல அண்ணி, உங்க சுவரு வெடிப்பாவே இருக்கட்டும். நான் வெளிய நின்னுக்கறேன்” என்றேன். அவர் அழுத கண்ணோடு என்னைப் புரியாமல் பார்த்தார். “இல்ல தாயி, காரை உதிந்து மேல விழும். போன மழைக்கே விட்டுப்போச்சு” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஓட்டுக்கடியிலிருந்து ஜன்னல் மூலைவரை சுவர் பிளந்து கிடந்தது. விரல் போகும். பேப்பரைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார்கள்.

“இதை... இதையா அண்ணி வெடிப்புங்கறீங்க?”

“பெறகு இத என்னன்னு சொல்லுவாக?”

அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் எப்படிக் கத்தினேன் என்று அங்கிருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். கீல் வெடிப்பு. கீல் வெடிப்பு. கீல் வெடிப்பு. எழுதித்தான் கொடுத்திருக்கிறார் மனுஷன். மறைக்காமல், மழுப்பாமல், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார். பூமிக்குள் போய்விட முடியாதா என்று இருந்தது. பக்கத்தில் போய் அவர் காதில் சொல்லலாம் என்று குனிந்தேன். என்னவென்று சொல்வது? அதற்குள் தூக்குவதற்கு ஆள் வந்துவிட்டது. “கோமதி ரொம்ப அழறா, பழைய சிநேகம் போல” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் சீட்டை எடுத்துக்கொண்டு பேச்சியண்ணியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். “நான் வந்த புதுசுல, ஊர்ல என்னமோ பேசுதாகளேன்னு கேட்டேன். அதுக்கு அவுக, ‘விடு. பாவம், அந்தப் பிள்ளைக்கு வேற வழியில்ல, வெடிப்புன்னு தெரிஞ்சேதான் வாங்கியிருக்கு. கைல காசு அவ்வளவுதான். அது போனதும் கோவத்த யாருகிட்டயாவது காட்டணும்லா, எங்கிட்ட காட்டிட்டுப் போகுது’ன்னாக. அம்புட்டுத்தான் சொன்னாக.”

நான் அவர் காலைப் பிடித்தேன். “எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா எனக்கு அப்போ தெரியாது.” அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் தூக்கவும் இல்லை. “இத அவுககிட்டல்லா சொல்லணும்” என்றார்.

சரி, ஊராரிடமாவது சொல்வோம் என்று கிளம்பினேன். நான்கு வருஷம் எந்தெந்த இடத்தில் திட்டினேனோ அந்தந்த இடத்துக்கெல்லாம் போனேன். ஜோய் சேட்டன் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மற்றவர்களுக்கு அதெல்லாம் பழங்கதை. “போட்டே, விடு சேச்சீ, ஆளு மரிச்சு போயில்லே” என்கிறார்கள். ஆள் போனால் பெயரும் போய்விட வேண்டுமா?

சுள்ளிக்கல்லில் பழைய லேப்டாப் விற்கிற ஒருவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “சேச்சிக்கு ஒண்ணும் அறியாது. அவன் கமிஷன் வாங்குறது எனக்கு நல்லா தெரியும். ஒரு பாவம் ஸ்திரீ, கிடப்பிலான பர்த்தாவுக்காக வளையல் வித்து வாங்கினா. அவளையே பற்றிச்சு ஏமாத்தினான்.” நான் சொன்னேன், “தம்பி, அந்த ஸ்திரீ நான்தான். அவரு ஏமாத்தல. நான் தெற்றாப் படிச்சேன்.” அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “இல்லில்ல, அது வேற ஸ்திரீ. அவ கரஞ்சு அழுது சொன்னத என் அம்மா நேரில கேட்டதாணு” என்றான். என் பொய்யை என்னிடமே சாதித்தான். நானே வந்து இல்லை என்றாலும் அது நம்பமாட்டேன் என்கிறது. என்ன செய்வேன் நான்? யாரிடம் போய்ச் சொல்வேன்?

அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். இசக்கிமுத்து யாரிடமும் கமிஷன் வாங்கவில்லை. அவர் பார்த்துக் கொடுத்த ஒரு மெஷினைப் பற்றியும் அவர் பொய் எழுதவில்லை. அவரால் ஏமாந்தவள் என்று ஊரில் சொல்லப்படுகிறவள் நான்தான், வேறொரு ஸ்திரீ கிடையாது. ஏமாந்தது என் அரைகுறைத் தமிழால். இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறவர்கள் ஆளுக்கு ஒருவரிடமாவது இதைச் சொல்லுங்கள். நான் பரப்பின அளவுக்குப் பரப்ப வேண்டாம், பாதி தூரமாவது கொண்டுபோங்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருந்தேன், இப்போது எனக்கு எதிராக வைத்திருக்கிறேன். பேச்சியண்ணிக்குக் கொடுக்கப் போனேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். மடித்த இடத்தில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. கிழிவதற்குள் அப்படியே அச்சில் போட்டுவிடச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். நாலு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு நான் வாசித்துக் காட்டியும், ஒரு தடவைகூட வாசிக்காமல் விட்ட அடி வரியோடு சேர்த்து:

திரை – புள்ளி இல்லை
கீபோர்டு – எல்லா எழுத்தும் விழுகிறது
பாட்டரி – ஒன்றே கால் மணி
டிஸ்க் – சத்தம் இல்லை
கீல் – வெடிப்பு
சார்ஜர் – ஒரிஜினல்
எது புரியவில்லை என்றாலும் என்னிடம் கேட்கவும். – இசக்கி